தொடை வழியாகப் போய் மூன்றையும் சரிசெய்தார்கள்

அன்னூரில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். போர்வெல் மோட்டார், கம்ப்ரசர், மோனோபிளாக் பம்பு என்று பதினேழு வருடமாக இதே வேலைதான். என் மகளுக்கு இப்போது ஐந்தரை வயது. போன வருடம் ஆகஸ்டில் அவள் இதயத்தில் இருந்த மூன்று பிறவிக் கோளாறுகளை, நெஞ்சைத் திறக்காமல், தொடை இடுக்கில் போட்ட இரண்டு ஊசித் துளைகள் வழியாக, ஒரே நாளில் சரிசெய்தார்கள். ஒரு வருடம் முடிந்து போன வாரம் எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) பார்த்துவிட்டு வந்தோம். இனி எழுதலாம் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. கோவையில் இருக்கிறது, அவ்வளவு போதும். அங்கே எனக்குப் பட்ட குறைகளையும் எழுதப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். இந்த சிகிச்சை எப்படி நடக்கிறது, பெற்றோர் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். எனக்கு இதையெல்லாம் முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு மாதத் தூக்கம் கெட்டிருக்காது.

முதலில் எப்படித் தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தையாக இருந்தபோது பால் குடிக்கும்போதே அவளுக்கு நெற்றி வேர்க்கும். இரண்டு வாய் குடிப்பாள், மூச்சு வாங்கும், நிறுத்துவாள். சளி, இருமல் மாதம் தவறாது. இரண்டு முறை நிமோனியா என்று சேர்த்தோம். "ஒல்லி உடம்பு, நம்ம குடும்ப வாகு" என்று அம்மா சொன்னார்கள், நாங்களும் அப்படியே நம்பிவிட்டோம். அங்கன்வாடியில் எடை போடும்போதெல்லாம் டீச்சர் முகம் சுளிப்பார். வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிகளுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு ஒரு முறை வந்தபோது, அதிலிருந்த இளம் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்தவர் எடுக்கவே இல்லை. முதுகுப் பக்கம் வைத்தார், மறுபடி முன்னால் வைத்தார். "இரைச்சல் கேக்குதுங்க. மாவட்ட மையத்துக்கு எழுதித் தர்றேன், எக்கோ எடுத்துடுங்க, தள்ளிப்போடாதீங்க" என்றார். பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்காக 2013-ல் மத்திய அரசு தொடங்கிய பரிசோதனைத் திட்டத்தின் குழு அது. அந்தப் பையன் டாக்டரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவருக்கு என் நன்றி.

எக்கோவில் மூன்று எழுத்துக்கூட்டங்கள் வந்தன: ஏ.எஸ்.டி., பி.டி.ஏ., பி.எஸ். ஒன்றுக்கு மூன்றா என்று என் மனைவி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

பயத்தில் ஒரு தப்பு செய்தோம். உறவுக்காரர் ஒருவர் சொன்னார் என்று வேறொரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே இருந்தவர் ரிப்போர்ட்டை ஐந்து நிமிடம் பார்த்தார். குழந்தையைத் தொடவில்லை. "மூணு இருக்கு, அதனால ஓப்பன் சர்ஜரிதான், அடுத்த வாரமே அட்வான்ஸ் கட்டிடுங்க" என்றார். மருந்துச் சீட்டுக்குப் பதிலாக ஒரு எஸ்டிமேட் தாள் கையில் வந்தது. வெளியே வந்து என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, நம்ம பட்டறைக்கு ஒரு மோட்டார் வந்தா நீங்க மீட்டர் வெச்சுப் பாக்காம காயில் போச்சுன்னு சொல்லுவீங்களா?" அந்தக் கேள்விதான் எங்களை இரண்டாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

இரண்டாவது இடத்தில் பார்த்தவர் குழந்தைகள் இதய மருத்துவர். பெரியவர்களைப் பார்க்கும் இதய மருத்துவர் வேறு, குழந்தைகளுக்கென்று படித்தவர் வேறு. இந்த வித்தியாசமே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பெற்றோர் முதலில் தேட வேண்டியது அவர்களைத்தான். மேடம் குழந்தைக்கு லேசாகத் தூக்க மருந்து கொடுக்கச் சொல்லி, அவள் தூங்கிய பிறகு எக்கோவைத் தானே எடுத்தார். நாற்பது நிமிடம். ஒவ்வொரு இடத்திலும் திரையை நிறுத்தி, இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் கோடு போட்டு அளந்தார். வாய் பேசவில்லை. நான் பக்கத்தில் நின்று கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதே பாதி பயம் போய்விட்டது. அளப்பவரை நான் நம்புவேன்.

முடித்த பிறகு கேட்டார்: "என்ன வேலைங்க பாக்கறீங்க?"

"மோட்டார் வைண்டிங் மேடம். பம்பு ரிப்பேரும் பாக்கறேன்."

"அப்படின்னா உங்களுக்குச் சொல்றது சுலபம்" என்று ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார்.

இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுச் சுவரில் 14 மில்லிமீட்டர் ஓட்டை. அது ஏ.எஸ்.டி. இடது பக்கம் சுத்த ரத்தம் வந்து சேரும். அங்கே அழுத்தம் கொஞ்சம் அதிகம் என்பதால், உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு ஓட்டை வழியாக வலது பக்கம் திரும்பி, மறுபடி நுரையீரலுக்கே போகிறது. இரண்டாவது பி.டி.ஏ. கருவில் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதனால் நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தில் பெரும்பகுதியை நேராக மகாதமனிக்கு (உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) திருப்பிவிட ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். பிறந்து இரண்டு மூன்று நாளில் அது தானாகச் சுருங்கி மூடிக்கொள்ள வேண்டும். என் மகளுக்கு மூடவில்லை. குறுகிய இடத்தில் 3 மில்லிமீட்டர். இப்போது மகாதமனியில்தான் அழுத்தம் அதிகம், ஆகவே ரத்தம் எதிர்த்திசையில் நுரையீரலுக்குப் பாய்கிறது. மூன்றாவது பி.எஸ். நுரையீரலுக்குப் போகும் வாசலில் இருக்கும் வால்வின் இதழ்கள் பிரியாமல் ஒட்டிக்கொண்டு, வழி சிறுத்துப் போயிருக்கிறது. அந்த வால்வுக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள அழுத்த வித்தியாசம் எக்கோவில் 62 (மில்லிமீட்டர் பாதரசம்) என்று வந்தது.

இங்கே ஒரு சந்தேகம் கேட்டேன். பைப்பில் தண்ணீர் அதிகம் ஓடினால் அதே வால்வில் அழுத்த இறக்கம் அதிகமாகக் காட்டும். ஓட்டை வழியாகக் கூடுதல் ரத்தம் வந்து அந்த வால்வைத்தானே கடக்கிறது, அப்படியானால் 62 என்பது வால்வின் கோளாறு மட்டும்தானா? மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சரியாக் கேட்டீங்க. கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். உள்ள போய் அளந்தாத்தான் நிஜம் தெரியும்."

ஒன்றை மட்டும் சரிசெய்து மற்றதை விட்டால் என்ன ஆகும் என்றும் அவரே சொன்னார். வால்வை மட்டும் திறந்துவிட்டு ஓட்டையை விட்டால், தடை போய்விடுவதால் நுரையீரலுக்கு இன்னும் அதிக ரத்தம் பாயலாம். ஓட்டையை மட்டும் மூடிவிட்டு வால்வை விட்டால், வலது அறை இறுகிய வாசலோடு முட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே மூன்றையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். ஆனால் சேர்த்து யோசிப்பதற்கு நெஞ்சைத் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூன்றும் தனித்தனியாக வடிகுழாய் (ரத்தக் குழாய்க்குள் விட்டு இதயம்வரை தள்ளும் மெல்லிய குழாய்) வழியாகச் செய்யக்கூடியவை. அளவும் இடமும் ஒத்துவந்தால் ஒரே மயக்கத்தில் மூன்றையும் முடிக்கலாம் என்றார்.

அப்புறம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். ஓட்டையை அடைக்கும் மூடி, காட்டுவதற்காக வைத்திருக்கும் மாதிரி. என் உள்ளங்கையில் வைத்தார்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கம்பி என் தொழில். தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிகளைக் கூடையாகப் பின்னியிருந்தார்கள். இரண்டு வட்டத் தட்டு, நடுவில் குட்டையான இடுப்பு. தட்டுகளுக்குள்ளே மெல்லிய துணி. மேடம் அதன் முனையை ஒரு நீண்ட கம்பியில் திருகினார், ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் இழுத்தார். தட்டுகள் நீண்டு மெலிந்து ஒரு நூல் மாதிரி உள்ளே போய்விட்டன. அந்தக் குழாயின் உள் அளவு இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான். மறுமுனையில் தள்ளினார். முதல் தட்டு பூ மாதிரி விரிந்தது. இன்னும் தள்ளினார், இடுப்பு வந்தது, அப்புறம் இரண்டாவது தட்டு. பழைய வடிவத்துக்கே வந்து நின்றது. ஒரு கம்பி வளையவில்லை, கோணவில்லை. செம்புக் கம்பியை அப்படி ஒரு முறை இழுத்தால் அது ஆயுசுக்கும் திரும்பாது.

அந்தக் கம்பி நிட்டினால். நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தது, அந்த ஆய்வுக்கூடத்தின் ஆங்கில முதலெழுத்துகள்தான் பெயரின் வால் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். கர்ட் ஆம்ப்ளாட்ஸ் என்று ஆஸ்திரியாவில் பிறந்து மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு கதிரியக்க மருத்துவர் இந்தக் கம்பிப் பின்னலை இதயத்து ஓட்டைக்கு மூடியாக மாற்றினார். ஏ.எஸ்.டி. மூடுவதற்கான அவருடைய மூடிக்கு அமெரிக்காவில் 2001 டிசம்பரில் அனுமதி கிடைத்திருக்கிறது. அதற்கு முன்னாலும் ஆட்கள் விடாமல் முயன்றிருக்கிறார்கள். 1938-ல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற அறுவை மருத்துவர் ஏழு வயதுச் சிறுமியின் நெஞ்சைத் திறந்து பி.டி.ஏ. குழாயை நூலால் கட்டினார். 1967-ல் பெர்லினில் போர்ஸ்ட்மன் என்ற மருத்துவர் அதே குழாயை நெஞ்சைத் திறக்காமல், ரத்தக் குழாய் வழியாக ஓர் அடைப்பானைக் கொண்டுபோய் அடைத்தார். ஒட்டிய நுரையீரல் வால்வை பலூனால் விரிப்பதை 1982-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜீன் கான் என்ற பெண் மருத்துவரும் அவர் குழுவும் வெளியிட்டார்கள். என் மகளுக்கு நடந்த மூன்று வேலைக்கும் பின்னால் இத்தனை பேருடைய இத்தனை வருட உழைப்பு இருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நிக்கல் இருப்பதால் யாருக்காவது கவரிங் நகை போட்டால் அரிப்பு வருமா என்று கேட்டார்கள். கேட்டது நல்லது. எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

ஆபத்து எதையும் சொல்லாமல் விடவில்லை என்பதையும் எழுத வேண்டும். மூடி நகர்ந்துவிடலாம், அப்படி நகர்ந்தால் கண்ணி போட்டுப் பிடித்து எடுப்பார்கள், முடியாவிட்டால் உடனே அறுவை சிகிச்சை, அதற்கு ஒரு குழு பக்கத்தில் தயாராக இருக்கும் என்றார்கள். நுரையீரல் அழுத்தம் உள்ளே அளக்கும்போது மிக அதிகமாக இருந்தால் எதையும் மூடாமலே திரும்பிவிடுவார்கள், ஏனென்றால் அந்த நிலையில் மூடினால் இதயத்துக்கே ஆபத்து. ஓட்டையைச் சுற்றி மூடி பிடித்து நிற்கப் போதுமான விளிம்பு இல்லை என்றாலும் திரும்பிவிடுவார்கள். மயக்கம் கொடுத்த பிறகு தொண்டை வழியாக ஒரு எக்கோ எடுப்பார்கள், கடைசி முடிவு அதில்தான். "நூறு சதவீதம் முடியும்னு நான் இப்ப சொல்ல மாட்டேன்" என்று மேடம் சொன்னார். முதல் ஆஸ்பத்திரியில் எல்லாம் நூறு சதவீதமாகத்தான் சொன்னார்கள்.

பணத்துக்கு வருகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்தோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை கிடைக்கும். மூடி, பலூன், மயக்கம், ஐ.சி.யூ. எதற்கும் நாங்கள் கட்டவில்லை. ஆரம்பப் பரிசோதனைகள், போக வர, சாப்பாடு, நான் தங்கிய லாட்ஜ் எல்லாம் சேர்த்துக் கைக்காசு 11,400 ரூபாய் ஆனது.

ஆனால் ஒப்புதல் வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில் முதல் நாள் ஒரு காகிதம் குறைவு என்றார்கள். கொண்டுபோனால் பிறப்புச் சான்றிதழில் குழந்தை பெயர் ஏறவில்லை என்றார்கள். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். பெயர் ஏற்றிக்கொண்டு போனால், மூன்று சிகிச்சைக்கும் சேர்த்து அனுப்பாமல் ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பம் அனுப்பியிருந்தார்கள். மேடமே கீழே இறங்கி வந்து பேசிய பிறகுதான் திருத்தி அனுப்பினார்கள். மூன்று வாரம் போனது. குழந்தைக்கு அவசர நிலை இல்லை என்பதால் தாங்கினோம். போகிறவர்கள் ரேஷன் கார்டு, எல்லார் ஆதார், வருமானச் சான்று, பெயர் ஏறிய பிறப்புச் சான்றிதழ், அங்கன்வாடிக் குழு எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் முதல் நாளே எடுத்துப் போங்கள். எத்தனை சிகிச்சைக்கு ஒப்புதல் போகிறது என்று கேட்டுப் படித்துப் பாருங்கள்.

சிகிச்சை நாளன்று நடுராத்திரியிலிருந்து வெறும் வயிறு. காலை ஏழரைக்கு முதல் கேஸ் நாங்கள்தான் என்று சொல்லியிருந்தார்கள். எட்டாச்சு, ஒன்பதாச்சு, பத்தாச்சு. பிள்ளை தண்ணீர் கேட்டு அழுகிறாள். அம்மிச்சி (என் மனைவியின் அம்மா) தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தார்கள். "கொஞ்சம் பொறுத்துக்க அம்மிணி, இப்பக் கூப்புட்டுருவாங்க" என்று நூறு தடவை சொல்லியிருப்பார்கள். யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. பதினொன்றுக்கு உள்ளே எடுத்தார்கள். பிறந்து மூன்று நாளான ஒரு குழந்தை விடியற்காலையில் உடம்பெல்லாம் நீலமாக வந்ததாம். பெரிய ரத்தக்குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறந்த பிள்ளை. இதயத்தின் மேல் அறைச் சுவரில் பலூனால் வழி உண்டாக்கினால்தான் அதற்கு உயிர் நிற்கும். எங்களுக்கு ஓட்டையை மூட வேண்டும், அந்தக் குழந்தைக்கு ஓட்டையைப் போட வேண்டும். தெரிந்திருந்தால் நாங்கள் சாயங்காலம் வரைகூட வாய் திறக்காமல் காத்திருப்போம். ஒரு நர்ஸ் வந்து ஒரு வரி சொல்லியிருக்கலாம். எனக்கு அங்கே பட்ட பெரிய மனக்குறை இதுதான்.

உள்ளே நடந்ததை மறுநாள் மேடம் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார். நான் கேட்டுத்தான் காட்டினார், ஆனால் முகம் கோணாமல் காட்டினார். முதலில் அளவு. ஒவ்வொரு அறையிலும் வடிகுழாயை நிறுத்தி அழுத்தமும், ரத்தத்தில் ஆக்சிஜனும் எடுத்திருந்தார்கள். நுரையீரல் அழுத்தம் மூடுவதற்கு இடம் கொடுத்தது. வால்வின் இருபுறமும் வித்தியாசம் 54. எக்கோ சொன்ன 62-ஐ விடக் குறைவு.

மூன்றில் எது முதலில் என்பதற்கும் காரணம் இருக்கிறது. மேல் அறை ஓட்டையில் மூடியை வைத்துவிட்டு, அப்புறம் அதன் பக்கமாக மற்ற வடிகுழாய்களை ஓட்டினால், புதிதாக வைத்த மூடி இடறிவிடும். அதனால் அது கடைசி. முதலில் வால்வு. வால்வின் வளையம் 13 மில்லிமீட்டர், பலூன் 16. திரையில் பலூன் விரியும்போது நடுவில் இடுப்பு மாதிரி ஒரு பிடி தெரிந்தது. அதுதான் ஒட்டிய இதழ்கள். ஒரு நொடியில் அந்த இடுப்பு சட்டென்று மறைந்து பலூன் நேராகிவிட்டது. சில நொடிகளில் காற்றிறக்கிய மாதிரி சுருக்கி எடுத்துவிட்டார்கள். பலூனுக்குள் இருப்பது காற்று இல்லை, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்துத் தண்ணீர். வித்தியாசம் 54-லிருந்து 16-க்கு வந்தது.

அடுத்து பி.டி.ஏ. அதற்கான மூடி வேறு வடிவம், ஒரு பக்கம் மட்டும் விளிம்பு வைத்த தக்கை மாதிரி. ஒரு முனை 6, மறு முனை 4 மில்லிமீட்டர். வைத்தபின் பத்து நிமிடம் காத்திருந்து மருந்து செலுத்திப் பார்த்தார்கள். முன்னால் புகை மாதிரி நுரையீரல் பக்கம் சீறிய ரத்தம் நின்றுவிட்டது.

கடைசியாக ஏ.எஸ்.டி. தொண்டை எக்கோவில் சுற்றிலும் விளிம்பு அளந்தார்கள். போதும். 16 மில்லிமீட்டர் மூடி. இடது தட்டை விரித்து, சுவரோடு இழுத்து வைத்து, வலது தட்டை விரித்தார்கள். அதோடு விட்டுவிடவில்லை. மூடி இன்னும் கம்பியில் திருகியே இருக்கிறது. அந்தக் கம்பியால் மூடியை மெதுவாக இழுத்தார்கள், தள்ளினார்கள், மறுபடி இழுத்தார்கள். சுவர் சேர்ந்து அசைந்தது, மூடி நகரவில்லை. அதற்குப் பிறகுதான் கம்பியை எதிர்த்திசையில் சுழற்றி மரையைக் கழற்றினார்கள். அதுவரை சரியில்லை என்றால் குழாய்க்குள் திரும்ப இழுத்துவிட முடியும். கழற்றிய பிறகு முடியாது. நான் பட்டறையில் ஒரு போல்ட்டை இறுக்கி ஆட்டிப் பார்க்காமல் விட மாட்டேன். அந்த வீடியோவில் அந்த இழுப்பையும் தள்ளலையும் பார்த்தபோது, முகம் தெரியாத அந்தக் கைகளைக் கும்பிடத் தோன்றியது.

இரண்டே கால் மணி நேரம். ரத்தம் ஏற்றவில்லை. இதயத்தை நிறுத்தவில்லை. எக்ஸ்ரே கதிர் எவ்வளவு பட்டது என்று யாரும் தானாகச் சொல்லவில்லை. நான் கேட்டபோது, குழந்தைகளுக்கு எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துத்தான் எடுப்போம், அளவு பதிவில் இருக்கிறது என்று காட்டினார்கள். கேட்காமலே சொல்ல வேண்டிய விஷயம் இது.

ஐ.சி.யூ.வில் ஆறு மணி நேரம் காலை மடக்கக் கூடாது. நாலரை வயதுப் பிள்ளைக்கு இதுதான் உலகத்திலேயே பெரிய தண்டனை. நர்ஸ் ஒருவர், மலையாளம் கலந்த தமிழில் பேசுபவர், கால் மேல் ஒரு தலையணையை வைத்து "இதுக்கு அடியில குட்டி முயல் தூங்குது, எழுப்பிடாதே" என்று சொல்லி இரவு முழுக்க அவளை ஏமாற்றினார். மணிக்கொரு தரம் பாதத்தைத் தொட்டு நாடி பார்த்தார், சூடு பார்த்தார். அவருக்கு ஐந்துக்கு ஐந்து. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தொடையில் இரண்டு சின்னப் பிளாஸ்திரி. அம்மிச்சி அவள் சட்டையைத் தூக்கி வெறும் நெஞ்சைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார்கள்.

டிஸ்சார்ஜ் தாள் நான்கு பக்கமும் ஆங்கிலம். மருந்து அளவைத் தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க ஓர் ஆள் இல்லை. நானே கேட்டுக் கேட்டு என் கையெழுத்தில் எழுதிக்கொண்டேன். ஆறு மாதம் ஆஸ்பிரின், 75 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. அது எங்கள் பிள்ளையின் எடைக்குச் சொன்னது, உங்கள் பிள்ளைக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான். அந்த ஆறு மாதத்தில் அம்மையோ ஃப்ளூ காய்ச்சலோ வந்தால் உடனே கூப்பிட வேண்டும், ஆஸ்பிரினும் அந்தக் காய்ச்சலும் குழந்தைகளுக்கு ஒத்துவராது. பல் பிடுங்குவது மாதிரி வேலை இருந்தால் முன்னாலேயே ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டும். குதித்து விழுகிற ஆட்டம் கொஞ்ச நாளைக்குக் கூடாது. ஆறு மாதத்துக்குள் மூடியின் மேல் நம் உடம்பின் திசுவே படர்ந்து மூடிக்கொள்ளும், அதுவரைதான் இந்தக் கெடுபிடி. மூடிகளின் அளவு எழுதிய அட்டை ஒன்று கொடுத்தார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அதைக் காட்ட வேண்டும். லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருக்கிறேன்.

வார்டில் எங்கள் பக்கத்துக் கட்டிலில் தாராபுரத்திலிருந்து வந்த ஆறு வயதுப் பையன். அவனுக்கு ஏ.எஸ்.டி. ஒன்றுதான். எங்களுக்கு மூன்று இருந்ததால், அவனுக்குச் சுலபமாக முடிந்துவிடும் என்று நான் நினைத்தேன். தொண்டை எக்கோவில் கீழ்ப்பக்கம் விளிம்பே இல்லை. மூடி வைத்தால் நிற்காது. எதையும் வைக்காமல் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அந்த அப்பா என்னிடம் வந்து அழுதார். என்ன சொல்வது? அடுத்த மாதம் அவனுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒரு வாரம் இருந்தான், நன்றாக இருக்கிறான், இப்போதும் போனில் பேசிக்கொள்கிறோம். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நெஞ்சைத் திறக்காமல் முடியும் என்று என் கதையைப் படித்துவிட்டு, அறுவைதான் என்று அளந்து சொல்லும் டாக்டரிடமிருந்து யாரும் ஓடிவிடக் கூடாது. எல்லா ஓட்டைக்கும் மூடி கிடையாது. சுவரின் அடிப்பகுதியில் வால்வுகளை ஒட்டி வரும் ஓட்டை, நான்கு கோளாறு ஒன்றாக வந்து உதடு நீலமாகும் பிள்ளைகள், இவர்களுக்கு அறுவைதான் வழி. நீங்கள் கேட்க வேண்டியது "எவ்வளவு இருக்கு, விளிம்பு இருக்கா, நுரையீரல் அழுத்தம் என்ன" என்ற மூன்று கேள்விகள். எண்ணில் பதில் சொல்கிறவரிடம் பிள்ளையைக் கொடுங்கள், அவர் சொல்வது எதுவாக இருந்தாலும்.

மொத்தத்தில் சிகிச்சைக்கும் மேடத்துக்கும் அந்த நர்ஸுக்கும் என்னால் குறையே சொல்ல முடியாது. கவுண்டருக்கும், காத்திருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாததற்கும் ஐந்துக்கு இரண்டுதான். அப்பாக்கள் படுக்க ஓர் இடம் இல்லை, குழந்தையோடு ஒருவர்தான் இருக்கலாம். ராத்திரி ஊரிலிருந்து வந்த ஐந்தாறு அப்பாக்கள் பைக் ஸ்டாண்ட் பக்கம் துண்டு விரித்துக் கிடந்தோம். மறுநாளே நான் லாட்ஜ் எடுத்துவிட்டேன். எல்லாராலும் முடியாது.

சிகிச்சை முடிந்த மறுநாள் எக்கோவில் ஏ.எஸ்.டி. மூடியின் நடுவே நூல் மாதிரி கொஞ்சம் கசிவு தெரிந்தது. துணிக்குள் ரத்தம் உறைந்து அடைபடும்வரை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது இல்லை. அன்று 13 கிலோ இருந்தவள் இப்போது 17 கிலோ 400. இந்த மழைக்காலம் முழுக்க ஒரே ஒரு முறை சளி பிடித்தது. அங்கன்வாடியை விட்டு யு.கே.ஜி.க்குப் போய்விட்டாள். மேடம் மாதிரியைக் காட்டி "குட்டிக் குடை" என்று சொல்லிக் கொடுத்திருந்ததால், வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் "எனக்குள்ள ரெண்டு குடை இருக்குது" என்கிறாள்.

போன வாரம் ஒரு வருட எக்கோ. இந்த முறை தூக்க மருந்து வேண்டாம் என்றார்கள். அவளே கட்டிலில் ஏறிப் படுத்து, சட்டையைக் கழுத்துவரை தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜெல் சில்லென்று பட்டதும் சிரித்தாள். மேடம் பேசாமல் ஒவ்வொரு கோடாக இழுத்தார். நான் போன வருடம் நின்ற அதே இடத்தில் நின்று எண்ணினேன். வால்வுக்கு வந்தபோது திரையை நிறுத்தி, என் பக்கம் திரும்பி, "பன்னெண்டுங்க" என்றார்.